காரணப் படிவம்

சொஹாரில், கடல்நீரைக் குடிநீராக்கும் எங்கள் ஆலையில்
ஒரு குழாய் வெடித்தால்
மறுநாளுக்குள் மஞ்சள் படிவம் நிரப்பவேண்டும்.
அதில் ஐந்து கட்டங்கள்.
ஐந்திலும் ஒரே கேள்வி: ஏன்?
பதினோரு வருஷமாய் நிரப்புகிறேன்.
துரு, உப்பு,
தூக்கக் கலக்கத்தில் யாரோ திருகாமல் விட்ட வால்வு.
ஏதோ ஒன்று
கடைசிக் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

ஆரோன் பிறந்தபோது தொள்ளாயிரத்துப் பத்து கிராம்.
நான் தினம் கழற்றி மாட்டும் பிரஷர் கேஜ்
அதைவிடக் கனம்.
இருபத்தெட்டாம் வாரம்.
கண்ணாடிப் பெட்டிக்குள் அவனுக்கும் குழாய்கள், எண்கள், அலாரம்.
எண்களைப் படிக்கத் தெரிந்தவன் என்பதால்
மற்ற அப்பாக்களைவிட
நான் அதிகம் பயந்தேன்.

நாலாம் வாரம்
ஸ்கேன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார் டாக்டர் ஷம்சா.
மூளையின் நடுவே நீர் தங்கும் அறைகள்.
அவற்றின் ஓரமாய்
நொய்யரிசி அளவில் கறுப்புப் பொத்தல்கள்.
"கால்களுக்குப் போகிற நரம்பிழைகள்
இந்தச் சுவரை ஒட்டித்தான் போகின்றன."
அவர் விரல் அங்கேயே நின்றது.

ஏன்?
இந்த வயதில் அங்கே ரத்தக்குழாய்கள் ஈரக் காகிதம்.
அழுத்தம் ஏறினால் கசியும்,
இறங்கினால் அந்த ஓரம் காயும்.
(இது புரிந்தது. என் தொழிலே இதுதான்.)
ஏன் ஏறியது, ஏன் இறங்கியது?
மூச்சுக்கருவி கொஞ்சம் வேகமாய் ஊதியிருக்கலாம்.
முதல் மூன்று நாளில், எந்த எண்ணிலும் சிக்காமல்
ஒரு தாழ்வு வந்துபோயிருக்கலாம்.
ஏன் இத்தனை சீக்கிரம் பிறந்தான்?
பனிக்குடத்துக்குள் கிருமி நுழைந்திருக்கலாம்.
கிருமி பிள்ளையைத் தொடக்கூட வேண்டாம்,
அதை எதிர்த்து உடம்பு மூட்டுகிற தீயே
அந்த இழைகளைக் கருக்கிவிடுமாம்.

லாம், லாம், லாம்.
என் படிவத்தில் ஒரு 'லாம்' எழுதினால்
மேனேஜர் திருப்பி அனுப்புவார்.

"பல சின்னக் காரணங்கள் சேர்ந்து வந்திருக்கும்,
எது என்று பிரித்துச் சொல்ல எங்களாலும் முடியாது"
என்றார். பொய் சொல்லத் தெரியாத முகம் அவருக்கு.

அன்றிரவு ஆஸ்பத்திரி வாசலில், காருக்குள்,
மஞ்சள் தாள் ஒன்றை எடுத்தேன்.
நாலு கட்டம் நிரம்பியது.
ஐந்தாவதில், பென்சிலால்:
இருபத்தேழாம் வாரம். காய்ச்சல். ரெஜினாள் சொல்லவில்லை.

துவைக்கப் போடுமுன் அவள் என் சட்டைப்பையைத் துழாவுவாள்.
அது எனக்குத் தோன்றவில்லை.

கத்தவில்லை.
பப்பாளி தின்றாயா என்று
ஊரிலிருந்து போனில் கேட்டவர்களிடமும்
அவள் கத்தியதில்லை.
"ரெண்டு பாரசிட்டமால் போட்டேன்.
ஷட்டவுன்னு நீ மூணு ராத்திரி வரல,
போனையும் எடுக்கல.
அது எந்தக் கட்டத்துல வரும்?"

பென்சில்தானே என்று அழித்தேன்.
அழித்த இடத்தில் தாள் மெலிந்து
மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

இப்போது ஆரோனுக்கு இரண்டே கால் வயது.
நிறுத்தினால் கால்கள் கத்தரிக்கோலாய்ப் பின்னிக்கொள்கின்றன.
குதிகால் தரைக்கு வருவதில்லை.
மஸ்கட்டில் தாங்குகாலணிக்கு அளவெடுக்கும் ரொடெல்
"ஏதாவது தாள் இருக்கிறதா?" என்றார்.
என் பையில் அந்த மஞ்சள்தான் இருந்தது.
பின்பக்கத்தில் பாதத்தை வைத்து
ரெஜினாள் முழங்காலை அழுத்திப் பிடிக்க
அவர் சுற்றிலும் கோடிழுத்தார்.
கூச்சம் தாங்காமல் ஆரோன் சிரித்தான்,
கட்டைவிரல் பக்கம் கோடு வழுக்கியது.
மறுபடி வைத்தோம். மறுபடி சிரிப்பு.
மூன்று பாதங்கள், ஒன்றின்மேல் ஒன்றாய்,
எதுவும் எதனோடும் பொருந்தாமல்.
"போதும், இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்"
என்று தாளை மடித்துப் போட்டுக்கொண்டார் ரொடெல்.

பர்கா தாண்டியதும் ரெஜினாள் கேட்டாள்,
"தாளைத் திருப்பி வாங்கினியா?"
இல்லை என்றேன்.
பின்சீட்டில் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்,
யாரும் தொடாமலே.